கடல் இல்லாத ஊர்ப் புள்ளைக்கு மரைன் பயாலஜி எதுக்குன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, லீவுக்கு மதுரை வந்திருக்கேன், அம்மா வீட்டு மொட்டை மாடில உக்காந்து தான் இத டைப் பண்றேன். நீங்க திருநகர்ல இருந்து கலிபோர்னியால சான் டியாகோ போயி நாலு மாசம் ஆச்சு, பதினொன்னாவது படிக்கிற உங்க பொண்ணுக்கு ஸ்கூல் கவுன்சிலர் மரைன் பயாலஜி, அதான் கடல் உயிர்களப் பத்தின பாடம், போட்டுட்டாங்க, இது ஒப்புக்கு வச்ச பாடமா, டாக்டர் படிப்பு கெட்டுப் போகுமா, ரெண்டாவது செமஸ்டர்ல மாத்திரலாமான்னு கேட்டிருக்கீங்க.

மாத்தாதீங்க. என் மூத்தவனுக்கு இதே பாடம் வந்தப்ப நான் தான் போயி சண்டை போட்டு மாத்துனேன், அவன் ஒரு வருஷம் பிடிக்காத கிளாஸ்ல மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருந்தான், அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

மொதல்ல உங்க பயத்த எடுத்துருவோம். நம்ம ஊர் மாதிரி பயோ மேக்ஸ் குரூப், காமர்ஸ் குரூப்னு அங்க பூட்டி வைக்கிறது இல்ல, ஒவ்வொரு பாடமா தனித்தனியா எடுக்குறது தான். கலிபோர்னியா யூனிவர்சிட்டிக்கு லேப் சயின்ஸ் ரெண்டு வருஷம் கட்டாயம், மூணு வருஷம் இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க, அதுல பயாலஜி கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் மூணுல ரெண்டாச்சும் இருக்கணும், கிரேடு சி-க்கு கீழ போகக் கூடாது. நீங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, உங்க ஸ்கூல் மரைன் பயாலஜி அந்த யூனிவர்சிட்டி ஒத்துக்குற பாடங்களோட ஏ-ஜி லிஸ்ட்ல, சயின்ஸுக்கான 'டி' பிரிவுல இருக்கான்னு. ஆன்லைன்ல ஸ்கூல் பேரப் போட்டாலே வந்துரும். இருந்துச்சுன்னா அது முழு லேப் சயின்ஸ், ஒப்புக்கு வச்சது இல்ல. ஏபின்னு ஸ்கூல்லயே எடுக்குற காலேஜ் லெவல் பாடங்கள் இருக்கு, அதுல மரைன் பயாலஜின்னு ஒரு பாடமே கிடையாது, அதனால எக்ஸ்ட்ரா பாயிண்ட் பெருசா எதிர்பாக்காதீங்க, கூடவே கெமிஸ்ட்ரியும் எடுக்கச் சொல்லுங்க அவ்ளோ தான். மெடிசின் அங்க நாலு வருஷம் காலேஜ் முடிச்சப்புறம் தான வருது, இப்பவே ஏன் பதறுறீங்க.

இப்ப என் சின்னவ கதைக்கு வர்றேன். அவ எடுத்தா, நான் வாயே திறக்கல. ஒரு நாள் கணவாய அறுத்துப் பாக்குற லேப். மத்த புள்ளைக மூக்கப் பொத்திட்டு நின்னப்ப இவ பாட்டுக்கு வயித்தக் கிழிச்சு உள்ள இருக்குற கண்ணாடித் தகட உருவி எடுத்துட்டா, பாட்டி சிங்க்ல வச்சு உருவுறதத் தான் சின்னதுல இருந்து பாத்திருக்காளே. அத அங்க பென், அதாவது பேனான்னு தான் சொல்றாங்க, ஒரு காலத்துல அதோட முன்னோருக்கு வெளிய இருந்த ஓடு உள்ள போயி தேஞ்சு மிச்சம் இருக்குறது, கணவாயும் நத்தையும் ஒரே வம்சமாம். மூணு இதயம், செம்பு கலந்த நீல ரத்தம். அந்தத் தகட்ட அதோட மைப்பையிலயே தொட்டு பேர் எழுதச் சொல்லுவாங்க, இவ தமிழ்ல எழுதி வீட்டுக்குக் கொண்டு வந்தா, இன்னும் பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு.

நம்ம ஊர்ல கடல் இல்லன்னு நீங்க எழுதுனது தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வைகை அயிரை, கண்மாய் கெண்டை திங்கிற ஊரு தான், ஆனா கரிமேடு மார்க்கெட்டுக்கு சீலாவும் பாறையும் எங்க இருந்து வந்துச்சு? வண்டில மூணு மணி நேரம் போனா மண்டபம். போன வாரம் சின்னவளக் கூட்டிட்டுப் போனேன். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு, 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சது, பவளப்பாறை, கடல்புல் எல்லாம் இருக்கு. அந்தப் புல்ல மேயுற கடல்பசுவ மீனவங்க ஆவுளியான்னு சொல்லுவாங்க, அதுக்குன்னு பாக் விரிகுடால 448 சதுர கிலோமீட்டர 2022ல ஒதுக்கி வச்சாங்க. சின்னவ கிளாஸ் பிராஜக்ட்டுக்கு எல்லாரும் சுறா, கடல்நாய்னு எடுத்தப்ப இவ ஆவுளியா எடுத்தா, பாம்பன்ல தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டு கேட்டு எழுதுனா. உங்க பாப்பாவுக்கும் சொல்றதுக்கு ஊர்ல இருந்து இம்புட்டு இருக்கு.

இன்னொண்ணு, ஜனவரி பிப்ரவரில டைட் பூல், அதான் கடல் வத்துறப்ப பாறைக் குழில தேங்குற தண்ணி, அதப் பாக்கக் கூட்டிட்டுப் போவாங்க, அங்க குளிர் காலத்துல தான் பகல்ல கடல் நல்லா வத்தும். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பேப்பர் வரும், அதுல இருக்குறதப் படிச்சா குலை நடுங்கும், எல்லா ஃபீல்டு ட்ரிப்புக்கும் அப்படித்தான் எழுதுவாங்க, போட்டுருங்க. நீச்சல் தேவையில்ல, பாறை மேல நடக்குறது தான். தண்ணிக்கு முதுகு காட்டி நிக்கக் கூடாது, சிப்பி ஒண்ணு கூட எடுத்துட்டு வரக் கூடாது, இத ரெண்டையும் பாப்பாகிட்ட நீங்களும் சொல்லி அனுப்புங்க. பூ மாதிரி இருக்குற அனிமோன்னு ஒரு கடல் உயிர், அதுல லேசா விரல வச்சா விரலப் பிடிச்சு இழுக்குற மாதிரி ஒட்டும், மொத தடவ தொட்ட அன்னைக்கு என் பொண்ணு ராத்திரி பூரா அதையே பேசிட்டு இருந்தா.

பாறை வழுக்கும், சாதா கேன்வாஸ் ஷூ போட்டு அனுப்பிராதீங்க. பாப்பா சைஸ் ஏழுன்னா சின்னவளோட ரப்பர் பூட்ஸ் சும்மா தான் கிடக்கு, ஆறாந்தேதி அங்க திரும்பி வந்துருவோம், வந்து வாங்கிக்கங்க.