உங்கள் தொகுதியில் இதுவரை இருந்த எம்எல்ஏக்களில் யாரைப் பெரிதாக மதிக்கிறீர்கள்? ஏன்?

எங்கள் தொகுதி காரைக்குடி. வகித்த பதவிகளை வைத்துப் பார்த்தால் கானாடுகாத்தான் அரண்மனைக்காரர் எம்.ஏ. முத்தையா செட்டியாரைத்தான் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சியின் முதல் மேயர், நீதிக்கட்சி ஆட்சியில் அமைச்சர், 1957இல் காங்கிரஸ் சார்பில் இங்கே எம்எல்ஏ. ஆனால் என் மதிப்பு அவருக்கு அடுத்து வந்த சா. கணேசனுக்குத்தான்.

1962இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி 206 இடங்களில் ஜெயித்தது வெறும் 6. அதில் ஒன்று காரைக்குடி. காமராஜர் கொடி பறந்த நேரம் அது! ஆறு பேர் எந்த மசோதாவை நிறுத்திவிட முடியும்? கேள்வி கேட்கலாம், பேசலாம், வெளிநடப்பு செய்யலாம். தொகுதி மேம்பாட்டு நிதி என்ற ஒன்றும் அப்போது கிடையாது. இப்போது அந்த நிதியில் ஒரு நிழற்குடை கட்டினாலே ஊர்ப் பெயரைவிட எம்எல்ஏ பெயர் பெரிசாக இருக்கிறது. பஸ் நேரம் எழுதத்தான் இடமில்லை.

"எம்எல்ஏவா இருந்து அவரு என்னத்தைக் கொண்டாந்தாரு?" என்று எங்கள் ஐயாவிடம் ஒருமுறை கேட்டேன். சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில் குத்தியவர், விடுவாரா? "சட்டைகூடப் போடாம துண்டோட திரிஞ்ச மனுசன்கிட்ட என்னடா கணக்குக் கேக்குற?" என்று பாய்ந்துவிட்டார். கேள்விக்கு அது பதில் இல்லைதான்.

என் காரணம் வேறு. பதவிக்கு வருவதற்கு இருபது வருஷம் முன்பே, 1939இல், கம்பராமாயணத்தைப் பரப்பக் கம்பன் கழகத்தைத் தொடங்கிவிட்டார். எம்எல்ஏ ஆனதும் அதை விடவில்லை. பதவி போனபிறகும் விடவில்லை. அப்போதிருந்த சட்ட மேலவையிலும் கொஞ்ச காலம் இருந்தார். ஊரில் யாரும் அவரை 'முன்னாள் எம்எல்ஏ' என்பதில்லை, கம்பன் அடிப்பொடி என்றுதான் பெயர். பங்குனியில் விழா நடக்கும், கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில். சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில் அவர் வைத்த கண்டிப்பைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சு உண்டு. மைக் கிடைத்தால் இறங்காத கூட்டம் நிறைந்த நாட்டில் அதுவே சாதனை.

தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்ட வேண்டும் என்பதும் அவர் ஆசைதான். ராஜாஜி கட்சிக்காரர் கனவு கண்ட கோயிலுக்கு 1975இல் அடிக்கல் நாட்டியவர் முதல்வர் கருணாநிதி. திறப்பு 1993இல் நடந்தது. கணேசன் 1982லேயே காலமாகிவிட்டார்.

ரோடு, குடிதண்ணீர் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் வேறு பெயர்தான் முதலில் வரும். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், சண்டை போடத் தயாராக வருகிறேன்.