கணப்பைச் சுற்றிப் பிரிக் ஸ்லிப்: பெட்டியை வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். வரவேற்பறையில் விறகு ஸ்டவ் வைக்கப் போகிறோம். பின்சுவர் மரச்சட்டத்தில் பிளாஸ்டர்போர்டு (ஜிப்சம் பலகை) அடித்துப் பூசியது. அதன் மேல் பிரிக் ஸ்லிப் (செங்கல் சுவர் போலத் தெரிய ஒட்டும் மெல்லிய துண்டு) ஒட்டிவிட்டால் சுவரைச் சூடு தாக்காது, ஸ்டவ்வைச் சுவரை ஒட்டியே வைக்கலாம் என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். செங்கல் எரியாது என்பது உண்மைதான்; ஆனால் நீங்கள் ஒட்டப்போவது ஏறத்தாழ 20 மி.மீ. தடிமனுள்ள சீவல், அதைக் கடந்து சூடு பின்னால் போய்க்கொண்டேதான் இருக்கும். எரியக்கூடிய பொருளிலிருந்து ஸ்டவ் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அந்த அளவைச் செங்கல் முகப்பிலிருந்து எடுக்கக் கூடாது. பின்னால் மறைந்திருக்கும் மரச்சட்டத்திலிருந்தும், காகிதம் போர்த்திய பிளாஸ்டர்போர்டிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான். இடம் போதாதென்றால், அந்தப் பகுதியை உலோகச் சட்டமும் எரியாத கால்சியம் சிலிகேட் பலகையுமாக மாற்றுவது பற்றி, ஹெட்டாஸ் (HETAS, விறகு ஸ்டவ் பொருத்துநர்களைப் பதிவுசெய்யும் பிரிட்டன் அமைப்பு) பதிவுபெற்ற பொருத்துநரிடம் முதலில் கேளுங்கள்.

எடையும் ஒரு சிக்கல். பூச்சுப் பூசிய சுவர் சதுர மீட்டருக்கு 20 கிலோ வரைதான் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அசல் களிமண் ஸ்லிப் பசையோடு சேர்ந்தால் 30 கிலோவைத் தாண்டிவிடும்.

கடையில் ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள். சுட்ட செங்கலை அறுத்ததென்றால் பின்புறத்தில் ரம்பக் கோடு தெரியும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் வகை பார்வைக்கு எத்தனை அழகாக இருந்தாலும் ஸ்டவ் பக்கம் வேண்டாம். வாளியில் கலந்தே வரும் பசையையும் தவிர்த்து, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பையில் அச்சிட்ட, நெகிழ்வுத்தன்மையுள்ள சிமென்ட் பசையைத் தேர்ந்தெடுங்கள்.

215 × 65 மி.மீ. அளவுத் துண்டுகள், 10 மி.மீ. இடைவெளியோடு, சதுர மீட்டருக்குச் சுமார் 60 பிடிக்கும். வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். மூலைக்கான எல் வடிவத் துண்டுகள் தனி விலை. மதிப்பீட்டில் பலரும் மறப்பது இவற்றைத்தான். இணையத்தில் வாங்கினால், கைக்கு வந்த 14 நாளுக்குள் ரத்துசெய்யும் உரிமை பொதுவாக உண்டு. ஆனால் சுவரில் ஒட்டியதை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே நிறம் பார்க்க முதலில் மாதிரித் துண்டு மட்டும் தருவியுங்கள்.