விற்ற விலை ஒன்று, வந்த தொகை வேறொன்று: இணையச் சந்தைக் கட்டணங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: கமிஷன் 10 சதவீதம் என்றுதான் சொன்னார்கள். வங்கிக் கணக்கில் வரும் தொகையோ அதைவிட மிகவும் குறைகிறது. ஏன்?

பதில்: கமிஷன் என்பது பல பிடித்தங்களுள் ஒன்று மட்டுமே. பணப் பரிவர்த்தனைக் கட்டணம், ஆர்டர் ஒன்றுக்கான நிலைக் கட்டணம், ஷிப்பிங், கிடங்கு வாடகை, விளம்பரம், இவற்றுள் சிலவற்றின் மீதான வரி ஆகியவை தனித்தனியே கழிக்கப்படுகின்றன. எனவே கமிஷன் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, செட்டில்மென்ட் அறிக்கையில் (பிடித்தங்கள் போகத் தளம் உங்களுக்குத் தரும் பணத்தின் கணக்கில்) ஓர் ஆர்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்கியவர் செலுத்திய தொகையிலிருந்து உங்களுக்கு வந்த தொகை வரை ஒவ்வொரு வரியாகக் கழித்துப் பாருங்கள். காரணம் புரியாத வரி ஏதேனும் இருந்தால் அதை மட்டும் குறிப்பிட்டு விளக்கம் கேளுங்கள். பொதுவாகப் புகார் எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

கேள்வி: வாங்குபவரிடம் ஷிப்பிங்குக்காகத் தனியே வசூலிக்கும் பணத்துக்கும் கமிஷன் உண்டா?

பதில்: பல தளங்களில் உண்டு. கைவினைப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற எட்ஸி தளம் 2022 ஏப்ரலில் பரிவர்த்தனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது; அது பொருளின் விலையோடு ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஈபே அமெரிக்கத் தளத்தில் விற்பனை வரியும் அந்தக் கணக்கில் சேர்கிறது. ஆகவே கூரியருக்குக் கொடுக்கும் தொகையை அப்படியே வாங்குபவரிடம் வசூலிப்பவர், ஒவ்வொரு பார்சலிலும் சிறிது நட்டப்படுகிறார்.

கேள்வி: கட்டணங்கள் மொத்தம் 20 சதவீதம் ஆகின்றன. விலையை 20 சதவீதம் ஏற்றினால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது. இந்தக் கணக்குப் பிழை அனுபவமுள்ள விற்பனையாளர்களிடமும் காணப்படுகிறது. உங்கள் கைக்கு 800 வரவேண்டும் என்று கொள்வோம். 20 சதவீதம் ஏற்றி 960 என விலை வைத்தால், தளம் அந்த 960-இல்தான் 20 சதவீதம், அதாவது 192 எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சுவது 768. கட்டணம் விற்பனை விலையின் மீது விழுவதால் கூட்டுவதற்குப் பதில் வகுக்க வேண்டும்: 800-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1000. அதன் 20 சதவீதம் போக 800 நிற்கும். ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலைக் கட்டணமும் இருந்தால் அதை முதலில் 800-உடன் கூட்டிவிட்டுப் பிறகு வகுக்க வேண்டும். தள்ளுபடி அறிவிக்கும் நாளிலும் இதே கணக்கைத் தள்ளுபடி விலையில் மீண்டும் போட வேண்டும். சதவீதக் கட்டணம் விலையோடு சேர்ந்து குறையும். பொருளின் அடக்க விலையும் ஷிப்பிங்கும் நிலைக் கட்டணமும் குறையா.

கேள்வி: அரைக் கிலோகூட இல்லாத தலையணைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடை போட்டுவிட்டார்கள்!

பதில்: அது கன அளவு எடை. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அதிலும் உண்மையான எடையிலும் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 30, 20, 20 அளவுள்ள பெட்டி 2.4 கிலோவாகிவிடும். பெட்டியைச் சிறிதாக்குங்கள்.

கேள்வி: மாதச் சந்தா திட்டத்துக்கு மாறலாமா?

பதில்: வகுத்துப் பாருங்கள். அமேசானின் அமெரிக்கத் தளத்தில் தனிநபர் திட்டத்துக்குப் பொருள் ஒன்றுக்கு 0.99 டாலர், தொழில்முறைத் திட்டத்துக்கு மாதம் 39.99 டாலர். மாதம் 40-க்கு மேல் விற்பவருக்குச் சந்தாவே மலிவு. கமிஷன் இரண்டிலும் தனி.

கேள்வி: பொருள் திரும்பி வந்தால் கட்டணமும் திரும்புமா?

பதில்: முழுமையாகத் திரும்பும் என்று எண்ண வேண்டாம். கமிஷனைத் திருப்பித் தரும் தளங்களிலும் அதில் ஒரு பகுதியை நிர்வாகக் கட்டணமாக நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அனுப்பிய செலவு போனதுதான், திரும்பி வரும் செலவும் பல நேரங்களில் உங்கள் தலையில்தான் விழும். இதனால், அளவு பொருந்தாமல் அடிக்கடி திரும்பும் ஆடை, காலணி போன்றவற்றுக்கு, நூறு ஆர்டரில் எத்தனை திரும்புகின்றன என்று பார்த்து, அந்த நட்டத்தை மீதி ஆர்டர்களின் விலையில் பங்கிட்டுச் சேர்ப்பதே முறை.