தாலுகா மாறினால் ஊரும் மாற வேண்டுமே!

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. இணையப் படிவத்தில் முதல் தேர்வுப் பெட்டியில் தாலுகா, அடுத்த பெட்டியில் அந்தத் தாலுகாவின் ஊர்கள்.

கருவாட்டு ஆர்டர் படிவம் செய்திருக்கிறேன். கடலாடியைத் தொட்டுவிட்டு உடனே திருவாடானைக்கு மாற்றினால், சில நேரம் ஊர்ப் பட்டியலில் கடலாடியின் மூக்கையூரும் வாலிநோக்கமும் வந்து நிற்கின்றன. ஏன்? (பாம்பன் வாசகர்)

சிக்னல் செய்யும் வேலை. இரண்டு கோரிக்கையும் சர்வருக்குப் போயிருக்கிறது. திருவாடானைக்கான பதில் முந்திக்கொண்டு வந்து, தொண்டியெல்லாம் பட்டியலில் ஏறிவிட்டது. பின்தங்கிய கடலாடி பதில் அப்புறம் வந்து அதன் மேல் எழுதிவிட்டது. பதில் வந்ததும், இப்போது தேர்வில் இருக்கும் தாலுகாவுக்கு உரியதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். அபார்ட்கன்ட்ரோலர் (கோரிக்கையைப் பாதியில் நிறுத்த ஜாவாஸ்கிரிப்டில் உள்ள வசதி) கொண்டு பழைய கோரிக்கையை ரத்து செய்வதும் நல்லது.

என்னைக் கேட்டால், இதற்கு சர்வர்வரை போகவே வேண்டாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பதே 9 தாலுகா. மூக்கையூர் என்று யுடிஎஃப்-8ல் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை) எழுத 30 பைட். அதே நீளத்தில் 400 ஊர் என்று வைத்தாலும் 12 கேபிதான். உங்கள் பக்கத்தில் இருக்கும் நெத்திலிப் படமே அதைவிடக் கனமாக இருக்கும். பட்டியல் முழுவதையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

பழைய ஆர்டரைத் திருத்தத் திறந்தால் தாலுகா சரியாக வருகிறது, ஊர் காலியாக இருக்கிறது. (தேவிபட்டினம்)

ஸ்கிரிப்ட் வழியாகத் தாலுகாவின் மதிப்பை வைத்தால் சேஞ்ச் நிகழ்வு (தேர்வு மாறியதைப் பக்கத்துக்குச் சொல்லும் அறிவிப்பு) தானாக எழாது. ஊர்ப் பட்டியலை நீங்களே நிரப்பிவிட்டு, அதன் பிறகு ஊரின் மதிப்பை வையுங்கள்.

ஊரை யாரும் மாற்றக் கூடாது என்று அந்தப் பெட்டியை டிசேபிள் செய்தேன் (முடக்கினேன்). சேவ் செய்ததும் ஊரே காணாமல் போகிறது. (கீழக்கரை)

டிசேபிள் ஆன புலத்தை பிரவுசர் அனுப்பாது. மாறக் கூடாத விவரம்தானே? சர்வரில் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயரையே ஆப்ஷனின் வேல்யூவாக (தேர்ந்தெடுத்ததும் சர்வருக்குப் போகும் மதிப்பாக) வைக்கலாமா? (தங்கச்சிமடம்)

வேண்டாம். ஏர்வாடி நம் மாவட்டத்திலும் உண்டு, திருநெல்வேலி மாவட்டத்திலும் உண்டு. பெயரை மட்டும் நம்பி ஒருமுறை கருவாட்டுப் பார்சலை அந்த ஏர்வாடிக்கு அனுப்பிவைத்தவன் நான். ஊருக்கு ஒரு எண் கொடுங்கள். அந்த ஊர் எண் அந்தத் தாலுகாவுக்கு உரியதுதானா என்று சர்வரிலும் ஒருமுறை பாருங்கள். பிரவுசரில் மதிப்பை மாற்றி அனுப்புவது பெரிய வித்தை இல்லை.