புது வாழ்வுக்கு ஒரு பூனையும் வேண்டும்

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டிய ஊர். வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறார். 20 வருஷமாகக் குடி. போன டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனையில், புது வருஷத்துக்கான வேத வசனம் என்று கூடையிலிருந்து நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன், இப்பொழுதே அது தோன்றும்" என்று இருந்தது. அதே ஜனவரியில் அவராகவே சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டு போனார். எட்டு மாதம் தொடவில்லை. சபையில் எழுந்து சாட்சிகூடச் சொன்னார். செப்டம்பரில் நாத்தனார் மகள் கல்யாணத்தில் மறுபடி ஆரம்பித்தது, இப்போது முன்பைவிட மோசம். சபையில் ஒரு அக்கா, "உன் விசுவாசம் போதாது, அதான்" என்கிறார். கல்லூரியில் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிற மகளோ, "உலகமே எரிஞ்சு போகப்போகுதுன்னுதானே பிரசங்கம் பண்றாங்க, இதுல அப்பா மட்டும் எப்படிம்மா புதுசாவார், போய்த் தூங்கு" என்கிறாள். கடவுளால் ஒரு மனுஷனைப் புதிதாக்க முடியுமா, முடியாதா? நான் இன்னும் நம்பலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: அக்கா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், அதனால் அக்காவாகவே பேசுகிறேன், கொஞ்சம் சத்தம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "விசுவாசம் போதாது" விஷயத்தை முடித்துவிடுவோம். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் நோயாளி மகனைத் தூக்கிக்கொண்டு வருகிற தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். இயேசு அவனிடம், போய் மீதியையும் சேர்த்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை, பையனைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் குடிப்பதற்கு உங்கள் விசுவாசத்தின் அளவு காரணம் என்று சொல்கிறவர், குடியைப் பற்றியும் சரியாகத் தெரியாதவர், வேதத்தையும் சரியாக வாசிக்காதவர். முடிந்தது.

அப்புறம் அந்த அட்டை. டிசம்பர் 31 ராத்திரி கூடையில் கைவிட்டு எடுக்கும்போது எனக்கும் இன்றுவரை நெஞ்சு படபடக்கும், கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை. (ஒரு வருஷம் பிடிக்காத வசனம் வந்ததென்று பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம் மாற்றிக்கொண்டேன். கர்த்தர் மன்னிப்பாராக.) ஆனால் ஏசாயா 43இல் அந்த வசனம் பாபிலோனில் சிறையிருப்பில் கிடந்த ஒரு ஜனக்கூட்டத்துக்குச் சொல்லப்பட்டது. "நீங்கள் அதை அறியீர்களா?" என்று பன்மையில் கேட்கிறார். அடுத்த டிசம்பர் 31இல் காலாவதியாகும் என்று அதில் எங்கும் எழுதியில்லை. வருஷக் கணக்கு நாம் போட்டது, அட்டை அச்சடிக்கிறவர்கள் போட்டது.

அதே கூடையில் அடிக்கடி வருகிற இன்னொரு வசனம் புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது, "அவைகள் காலைதோறும் புதியவைகள்." கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றிய பேச்சு அது. புலம்பல் புத்தகத்திலிருந்து இதைத் தவிர வேறு வரி அட்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை, ஏனென்றால் மீதியெல்லாம் எரிந்துபோன எருசலேம், பசியில் மயங்கி விழுகிற பிள்ளைகள், ஒப்பாரி. அந்தச் சாம்பல் மேட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் "காலைதோறும்" என்று சொல்கிறான். "வருஷந்தோறும்" என்று சொல்லவில்லை பாருங்கள். எட்டு மாதம் என்றால் சுமார் 240 காலைகள். அவ்வளவும் உங்கள் வீட்டில் நடந்தது. செப்டம்பரில் ஒரு கல்யாண வீட்டில் தவறிவிட்டார் என்பதற்காக அந்த 240 காலைகளும் பொய்யாகிவிடாது.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். புதிதாக்குவது என்றால் என்ன? நாம் மனதில் வைத்திருக்கிற படம், பழைய பாத்திரத்தைக் கடையில் போட்டுவிட்டுப் புதுப் பாத்திரம் வாங்குவது. பழைய மனுஷன் போய்விடுவான், அவனுடைய இடத்தில் ஒரு ஆசையும் தழும்பும் இல்லாத வேறொருவன் வந்து உட்காருவான். எனக்கு இந்தப் படத்தை மாற்றியது வேலூரில் நடந்த ஒரு கதை.

பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் லண்டனில் தச்சும் கட்டட வேலையும் பழகியவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, கொக்கி மாதிரி மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, எங்கே அழுத்துங்கள் பார்ப்போம் என்றார். செத்த கை என்று நினைத்துத்தான் டாக்டர் தன் கையைக் கொடுத்தார். அந்த நோயாளி அழுத்திய அழுத்தில் வலி தாங்கவில்லை. அப்படியானால் இந்தக் கையில் எல்லாம் சாகவில்லை, சில தசைகள் முழுப் பலத்தோடு இருக்கின்றன என்று அவருக்கு அந்த இடத்தில் புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது அலாதியானது. அதே கையில் உயிரோடிருக்கிற ஒரு தசையின் நாணை அவிழ்த்து, வழியைத் திருப்பி, செயலிழந்த விரல்களில் கொண்டுபோய்த் தைத்தார். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அந்த மனுஷனுக்குள் மிச்சமிருந்த பலத்துக்கே புது வேலை கொடுக்கப்பட்டது. பிறகு சில வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு பயிற்சி. வேறு வேலை பார்த்த தசை இப்போது விரலை நீட்ட வேண்டும், மூளைக்கு அது தெரியாது, குழந்தைக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்ல சாட்சிக் கூட்டத்துக் கதை. முடியவில்லை. கை நேரான சிலர் திரும்பி வந்து, டாக்டர், இந்தக் கையை நீட்டினால் எவனும் பிச்சை போடுவதில்லை, வேலையும் யாரும் தருவதில்லை என்றார்கள். அதனால் வேலூரிலேயே நவஜீவ நிலையம் என்று ஒரு இடம் தொடங்கி, மர வேலை, பொம்மை செய்வது என்று தொழில் பழக்கினார்கள். டாக்டர் தானே தச்சர், அது உதவியது. அந்த இடத்தின் பெயரே புது வாழ்வு என்றாலும், அங்கே நேரான விரல்களுக்கு உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை. சுத்தியலின் பிடியில் சிராய் குத்தினாலும் தெரியாது, சூட்டுப் பாத்திரம் சுட்டாலும் தெரியாது. ஒவ்வொரு நாளும் கையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காயம் தேட வேண்டும். சிலருக்குக் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், காரணம் தெரியாது. ராத்திரி கண்விழித்துக் காவல் காத்துப் பார்த்தால், எலி கடித்துக்கொண்டிருக்கிறது, தூங்குகிறவருக்குத் தெரியவேயில்லை! அன்றிலிருந்து சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற நோயாளிகளோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் பூனையை நான் மறப்பதேயில்லை. கையைப் புதிதாக்கிய அதே ஜெபமும் அதே கத்தியும்தான் பூனையையும் கொடுத்தனுப்பின. பூனை வைத்திருக்கிறானே, இவனுக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்காரரையும் சிகிச்சையில் அப்படித்தான் கையை நேராக்கி அனுப்பினார்கள், பூனை இல்லாமல். கல்யாண வீட்டு ராத்திரி எலி வந்தது. குடிநோயில் இது அடிக்கடி நடக்கிறது, சிகிச்சை தருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாட்சி சொன்னது பொய்யில்லை. கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான். இந்த இடத்தில் சபைகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. குடியை விட்டவரை மூன்றாவது மாதமே மைக் முன்னால் நிறுத்திக் கைதட்டுகிறோம், தவறி விழுந்தால் அவர் வெட்கத்தில் சபைப் பக்கமே வருவதில்லை. வருகிறாரா உங்களவர்? வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, காரியத்துக்கு வருவோம். அவரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம், மனநலப் பிரிவைக் கேளுங்கள். குடி நிறுத்துவதற்கான தேசிய உதவி எண் 14446, காசு கிடையாது. தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது ஆபத்து, இதைக் கவனமாகக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது என்று உயிரையே பறிக்கலாம். உபவாச ஜெபத்தில் அறைக்குள் வைத்து நிறுத்திவிடுகிறோம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜெபம் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்கப்படும்.

பூனைகளைப் பற்றி அவரோடு பேசுங்கள், போதையில் இருக்கும்போது அல்ல, காலையில். லாரி வாடகைக் காசு கைக்கு வருகிற நாள் எது? அன்றைக்குக் கூட யார் இருப்பார்? கல்யாணமென்றால் காலையில் தாலி கட்டுக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடலாமா? குடியை விட்ட இன்னொரு ஆள் ஒருவருடைய போன் நம்பர் அவரிடம் இருக்கிறதா? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் பக்கமும் தமிழில் நடக்கின்றன. 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது அது. "இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதுதான் அவர்கள் கணக்கு. புலம்பல்காரனின் காலைக் கணக்கும் அதுதானே! குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, நீங்கள் போங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போங்கள்.

இன்னொன்று. அவருடைய கடனை நீங்கள் அடைக்காதீர்கள், மகளின் படிப்புக் காசை அவர் தொட முடியாத கணக்கில் போடுங்கள். அவர் உங்களை அடித்தால் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள், அம்மா வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பது ஒன்று, ஏடிஎம் கார்டைக் கொடுப்பது வேறொன்று. கடவுள் அவரைப் புதிதாக்குவதற்கு நீங்கள் அடி வாங்க வேண்டிய அவசியமில்லை.

எல்லாம் செய்தும் அவர் திருந்தாமலே போனால்? உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன், அப்படியும் நடக்கும். என் சித்தப்பா அப்படிப் போனவர். நாலு தடவை விட்டார், நாலு தடவை தொட்டார், 54 வயதில் ஈரல் போய் இறந்தார். அடக்க ஆராதனையில் நான் மண் அள்ளிப் போட்டபோது, இந்த மனுஷன் கதை இத்தோடு முடிந்தது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை கல்லறையைச் சுற்றிக்கொண்டு போகிற நம்பிக்கை இல்லை, கல்லறைக்குள் போய் அந்தப் பக்கம் வருகிறது. உயிர்த்தெழுந்தவர் தோமாவிடம் காட்டியதும் ஆணித் தழும்போடு இருந்த அதே கையைத்தான்.

மகளுக்கு ஒரு வார்த்தை. பாப்பா, நீ கேட்டது கோபத்தில் வந்தாலும் சரியான கேள்வி. ஆனால் வெளிப்படுத்தலில் சிங்காசனத்தில் இருக்கிறவர் சொல்வது, "இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்" என்று. "சகலத்தையும்" என்பதில் அந்த ஐ உருபைக் கவனி. இருப்பதை எடுத்துத்தான் புதிதாக்குகிறார், இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு சகலத்தை உண்டாக்குகிறேன் என்று சொல்லவில்லை. எரேமியா தீர்க்கதரிசி என்ன செய்தான் தெரியுமா? பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, நகரம் எரியப்போகிறதென்று சொன்னதே அவன்தான், சொன்னதற்காகக் காவலில் கிடக்கிறான். அங்கே இருந்துகொண்டு ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறான். சாட்சி வைத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, நாள் பட இருக்கட்டும் என்று மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான். வாங்கி முடித்த பிறகுதான், ஆண்டவரே, நகரமே போகப்போகிறது, நீர் நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று முறையிடுகிறான்! "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?" என்பது அதற்கு வந்த பதில். அந்த நிலத்தில் எரேமியா ஒருநாளும் ஏர் ஓட்டவில்லை, எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் ஊருக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன, இரண்டு நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது, அந்தத் தீவுக்கு எதிரே செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். உடைந்த பவளத்தில் உயிருள்ள துண்டுகளை எடுத்து, கட்டிவைத்து வளர்க்கிற வேலையும் அந்தக் கடலில் நடக்கிறது. உன் வாத்தியார்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும், கேட்டுப்பார். அந்த வேலைக்கு நீ போனால் உன் சபை ஐயரிடம் சொல்லி ஒரு ஞாயிறு அதற்காக ஜெபிக்கச் சொல்லு, எரிகிற பிரசங்கம் ஒரு வாரம் லீவு எடுக்கட்டும்.

அம்மா, உங்களுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுக்கக் காலையிலேயே வரிசை நிற்க வேண்டும், லாரிக்காரரைத் தனியாக அங்கே உட்காரவைத்தால் எழுந்து போய்விடுவார், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். "விசுவாசம் போதாது" என்ற அந்த அக்காவை வரச் சொல்லுங்கள். டீயும் வடையும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.