ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஷேடோ டீச்சராக, அதாவது வகுப்பில் கூடவே இருக்கும் தனி உதவியாளராகச் சேரப்போகிறேன். வகுப்புக்குள் நான் என்னதான் செய்ய வேண்டும்?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவுதான்: சென்னையில் ஒரு தனியார் பள்ளி, இரண்டாம் வகுப்பு, ஏழு வயதுப் பையன், சில சொற்கள் மட்டும் பேசுகிறான். பள்ளியில் சொன்னது ஒரே ஒரு வரி: "பக்கத்துலேயே உக்காந்து பாத்துக்கோங்க."

அந்தப் 'பக்கத்துலேயே'தான் முதல் தவறு. பக்கத்தில் உட்காராதீர்கள். அவன் பெஞ்சுக்குப் பின்னால், ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில், சற்று ஓரமாக ஒரு நாற்காலி போதும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவன் கண் ஆசிரியரிடம் போகாது, உங்கள் முகத்துக்கே வரும். ஆசிரியரும் அவனிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கத் தொடங்குவார். பெஞ்சில் ஒரு தோழனுக்கு இருந்த இடமும் போய்விடும்.

அவனுக்கு இரண்டாவது வரிசை, நடைபாதை ஓரம், வாசலுக்கு எதிர்ப்பக்கம் கேளுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் பார்த்துச் செய்ய முன்னால் யாரும் இல்லை. இரண்டாவது வரிசையில் முன் பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டை எடுப்பது தெரியும், அதைப் பார்த்து எடுப்பான். தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறியோ விட்டுவிட்டு மினுக்கும் டியூப் லைட்டோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். 'கவனமே இல்லை' என்ற புகாருக்கு அந்த டியூப் லைட்டும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வேலையில் அதிகம் நடக்கும் சேதம் 'சொன்னால்தான் செய்வான்' என்ற நிலை. உதவியாளர் நல்லவர், சுறுசுறுப்பானவர், ஒவ்வொன்றுக்கும் "எடு, திற, எழுது" என்று காதோரம் சொல்கிறார். மூன்று மாதத்தில் பையன் அந்தக் குரல் வராமல் பென்சிலைத் தொடுவதில்லை. இதைத் தவிர்க்க ஒரு வரிசை இருக்கிறது. ஆசிரியர் "கணக்கு நோட்டு எடுங்க" என்றதும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வாய் திறக்காதீர்கள். கேட்டதைப் புரிந்துகொண்டு உடலை அசைக்க அவனுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். மூன்றாவது நொடியில் நீங்கள் வேறு சொற்களில் சொன்னால், அவனுக்கு அது புது வாக்கியம், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து எண்ணியும் நகரவில்லை என்றால் முன்னால் இருக்கும் பையனைச் சுட்டிக்காட்டுங்கள். அடுத்து, நோட்டின் படம் உள்ள அட்டை. அதற்கடுத்து அவன் பையை லேசாகத் தட்டுதல். சொல் கடைசியில்தான், ஏனென்றால் பேச்சு உதவிதான் பிற்பாடு விலக்கவே கடினமானது. அவன் கையைப் பிடித்து எழுத வைப்பது வேண்டவே வேண்டாம். கை துவண்டு உங்கள் கையையே நம்பத் தொடங்கும், பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் தன் உடலை அசைக்கலாம் என்றும் கற்றுக்கொள்வான். எழுதத் தொடுதல் தேவைதான் என்று அவனுடைய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) சொல்லியிருந்தால், அவன் சம்மதம் பார்த்து மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோள் என்று பின்வாங்கிக்கொண்டே வாருங்கள்.

எத்தனை உதவி செய்தோம் என்பதை மனக்கணக்காக வைத்தால் எப்போதும் குறைவாகத்தான் தோன்றும். வலது பையில் காய்ந்த பட்டாணி இருபது போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உதவிக்கும் ஒன்றை இடது பைக்கு மாற்றுங்கள். பீரியட் முடிந்ததும் எண்ணிக் குறித்துவிடலாம், வகுப்பில் யாருக்கும் தெரியாது. கணக்குப் பீரியடில் 18 இருந்தது ஆறு வாரத்தில் 9 ஆனால் நீங்கள் வேலை செய்கிறீர்கள். 18 அப்படியே நின்றால் யோசிக்க வேண்டியது உங்கள் முறையைப் பற்றி.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம்: நேரம், அதற்கு முன் நடந்தது, அவன் செய்தது, அதற்குப் பின் நடந்தது. 'கோபப்பட்டான்' என்று எழுதாதீர்கள். 'காதைப் பொத்தினான், பெஞ்சுக்கு அடியில் போனான், 4 நிமிடம்' என்று எழுதுங்கள். ஐந்து நாள் தாளை அடுத்தடுத்து வைத்தால் தினமும் 11.10-க்கு எழுந்து ஓடுவது தெரியும். ஜன்னலுக்கு வெளியே அந்த நேரத்தில்தான் பி.டி. மாஸ்டரின் விசில். நான்காவது கட்டத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்: ஓடியதும் எழுத்து வேலை நின்றுவிடுகிறது என்றால், ஓடுவதற்கு அது இன்னொரு காரணம்.

இனி நம் பேச்சு. தமிழ் வகுப்பறையில் நேராகச் சொல்வது குறைவு, சுற்றிச் சொல்வது அதிகம். "எங்க பாக்குற?" என்பது கேள்வி அல்ல, ஆனால் அவன் ஜன்னலைக் காட்டிப் பதில் சொல்வான், திமிர் என்று பெயர் வாங்குவான். "இன்னும் நல்லா ஓடு!" என்று எரிச்சலில் சொன்னால் ஓடுவான். "பாக்கலாம்" என்பது நமக்கு மறுப்பு, அவனுக்கு வாக்குறுதி. "கொஞ்ச நேரம் பொறு" என்றால் எவ்வளவு? மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்து "மணல் முடிஞ்சதும்" என்று சொல்லுங்கள். மூன்று நான்கு சொல்லில், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "ஓடாதே" அல்ல, "நட". ஆசிரியர் ஏட்டுத்தமிழில் சொல்வதையும் வீட்டில் பேச்சுத்தமிழில் சொல்வதையும் ஒன்று என்று அவன் தானாக இணைப்பான் என எண்ண வேண்டாம். முக்கியமான இருபது சொற்களுக்காவது வீடும் பள்ளியும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்வது நல்லது.

"தண்ணி வேணுமா?" என்று அவனே உங்களிடம் கேட்டால், அவனுக்குத் தாகம். கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வது அர்த்தமற்ற ஒப்பித்தல் அல்ல, பெரும்பாலும் அதுதான் அவன் பேச்சு. "அப்படிச் சொல்லக் கூடாது" என்று திருத்தாமல், அவன் வாயிலிருந்து வர வேண்டிய வடிவத்தில் "தண்ணி வேணும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு உடனே தண்ணீரைக் கொடுங்கள். பேச்சுக்குப் பதிலாகப் படத்தைத் தொட்டுக் காட்டும் புத்தகமோ, சென்னையில் உருவாகித் தமிழிலும் பேசும் ஆவாஸ் போன்ற செயலியோ பயன்படுத்தினால், அது அவன் கைக்கெட்டும் இடத்தில் நாள் முழுக்க இருக்க வேண்டும். தண்டனையாக டேப்லெட்டைப் பிடுங்கி வைப்பது வாயைக் கட்டுவதற்குச் சமம்.

நாளின் அட்டவணையை அட்டைகளாக்குங்கள். 5 செ.மீ. சதுரம், லேமினேட் செய்து பின்னால் வெல்க்ரோ. அட்டை தொடங்கும் வாரத்தில் நான்கே அட்டை: கணக்கு, ஸ்நாக்ஸ், தமிழ், விளையாட்டு. முடிந்ததும் அவனே பிய்த்து 'முடிந்தது' உறையில் போட வேண்டும். நீங்கள் போட்டால் பயனில்லை. 'மாற்றம்' என்று ஒரு சிவப்பு அட்டையும் தேவை. அதை முதன்முதலில் காட்டும் நாள் ஆசிரியர் லீவு போட்ட நாளாக இருக்கக் கூடாது. எழுத்து வேலைக்குப் பதில் ஊஞ்சல் என்பது போல, பிடித்த மாற்றங்களாக நான்கைந்து முறை காட்டிப் பழக்கிய பிறகே பிடிக்காத மாற்றத்துக்குப் பயன்படுத்துங்கள். முதலில் வேலை, பிறகு பிடித்தது என்று இரண்டு படம் காட்டும் 'முதலில்–பிறகு' அட்டையை மிரட்டலாக மாற்றுவது இன்னொரு வழக்கமான பிழை: "எழுதலேன்னா ஊஞ்சல் கிடையாது" என்பது அட்டை அல்ல, அதட்டல்.

உங்கள் உடையும் வகுப்பறையின் ஒரு பகுதிதான். கண்ணாடி வளையல், கொலுசு, அடர்ந்த மல்லிகைச் சரம், வாசனைத் திரவியம் எல்லாம் உங்களுக்கு ஒன்றுமில்லை, சில பிள்ளைகளுக்கு அவற்றோடு ஆறு மணி நேரம் தாங்காது. தொங்கும் காதணியும் தொங்கும் துப்பட்டாவும் இழுபடும். பருத்தி உடை, பின்னிய கூந்தல், ஓடக்கூடிய செருப்பு. கடைசியாகச் சொன்னது மிகையல்ல. அவன் வாசலை நோக்கி ஓடினால் ஐந்து நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும். சேர்ந்த முதல் நாளே வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள்: மூடாத சம்ப், கிணறு, தொட்டி, பக்கத்தில் ஏரி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் ஈர்க்கும், காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் அது. வாட்ச்மேனுக்கு அவன் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வை வெடித்த பிறகு கொடுத்தால், வெடித்தால் ஓய்வு கிடைக்கும் என்றுதான் கற்றுக்கொடுக்கிறீர்கள். முனகல் கூடுவது, காது சிவப்பது, விரலை அழுத்துவது என்று ஒவ்வொருவருக்கும் முன் அறிகுறி உண்டு. அதைக் கண்டதும், அல்லது அட்டவணையிலேயே எழுதி வைத்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அமைதி மூலை. 'ஓய்வு' அட்டையை அவனே எடுத்து நீட்டினால், அது ஆசிரியருக்கு எவ்வளவு அசௌகரியமான நேரமாக இருந்தாலும் முதல் சில வாரம் ஒவ்வொரு முறையும் அனுப்புங்கள்.

இருந்தும் ஒருநாள் உடைந்துவிடுவான். அப்போது பேச்சைக் குறையுங்கள், முடிந்தால் நிறுத்துங்கள். அவனை வெளியே இழுக்காமல் மற்ற பிள்ளைகளை ஆசிரியர் வெளியே கூட்டிப் போகட்டும். காம்பஸ், கத்தரிக்கோல், ஸ்டீல் டப்பா ஆகியவற்றை அகற்றுங்கள். தலையைத் தரையில் மோதினால் தலைக்கும் தரைக்கும் இடையே புத்தகப் பையைத் தள்ளுங்கள், கட்டிப் பிடிக்காதீர்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். அடங்கிய பின்னும் இருபது நிமிடமாவது பாடம் வேண்டாம். மன்னிப்புக் கேட்க வைப்பது அடுத்த சுற்றுக்கு அழைப்பு.

ஆட்டிசத்தோடு வலிப்பு நோயும் சேர்ந்து வருவது உண்டு. வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்க யாராவது ஓடி வருவார்கள். அது ஒன்றும் செய்யாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108.

படிப்பு விஷயத்தில் ஒன்று மட்டும். கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவது பெரும்பாலும் கற்றல் அல்ல, கண்ணுக்கும் கைக்கும் தண்டனை. அதே வரிகளை ஒரு தாளில் எழுதி அவன் மேசையில் வையுங்கள். பத்துக் கணக்கு என்றால் ஒரு பக்கத்தில் மூன்று, மற்றவை வெள்ளைத் தாளால் மறைத்து. ஆனால் நீங்களே நோட்டை நிரப்பிக் கொடுக்காதீர்கள். பெற்றோரைச் சமாதானப்படுத்த உதவியாளர் கையெழுத்தில் நிறைந்த நோட்டு பல வீடுகளில் இருக்கிறது. அதைப் பார்த்து அடுத்த வகுப்பு ஆசிரியர் அவனிடம் எதை எதிர்பார்ப்பார்? அவன் எழுதிய இரண்டு வரி கோணலாக இருக்கட்டும்.

கழிப்பறைக்குத் தனியாக, கதவை மூடிக்கொண்டு போகாதீர்கள். ஆயாம்மா அருகில் இருக்கட்டும், எந்த உதவிவரை செய்யலாம் என்பதைப் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, எவ்வளவு அன்பாக இருந்தாலும், கூடாது.

மற்ற பிள்ளைகள் "மிஸ், அவன் ஏன் கையை ஆட்டுறான்?" என்பார்கள். "சந்தோஷமா இருந்தா அவன் அப்படித்தான் ஆட்டுவான்" போதும். "அவனுக்கு பென்சில் வேணுமா மிஸ்?" என்று உங்களிடம் கேட்டால் "அவனையே கேளு" என்று சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டுங்கள். வகுப்பாசிரியர் உங்களைப் பார்த்து அவனைப் பற்றிக் கேட்கும்போதும் அதே தந்திரம்: உங்கள் பார்வை அவன் பக்கம் திரும்பினால் அவர் பார்வையும் திரும்பும். அவன் ஆசிரியர் அவர்தான், நீங்கள் அல்ல.

வீட்டுக்கு அரைப் பக்கக் குறிப்பு: சாப்பிட்டது, கழிப்பறை, இன்று எது பலித்தது. கேட்டில் நின்று, அவன் காது கேட்க, அம்மாவிடம் அன்றைய குற்றப் பட்டியல் வாசிப்பதை விடுங்கள். பேசாத பிள்ளைக்குக் கேட்காது என்று யார் சொன்னது?

சேரும் முன் கேட்க வேண்டியவை: ஐ.இ.பி. எனும் தனிநபர் கல்வித் திட்டம் இருக்கிறதா, யார் எழுதியது? 'கவனம் மேம்படும்' என்பது இலக்கு அல்ல. 'பொதுவாகச் சொன்னதும் 5 முறையில் 4 முறை தானே நோட்டை எடுப்பான்' என்பது இலக்கு. சம்பளம் பள்ளியா பெற்றோரா, விடுப்பு, வேலை நேரம் எல்லாம் எழுத்தில். சிறப்புக் கல்வியாளர் என்ற பொறுப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், ஒரு மாதப் பயிற்சி எதுவும் அதற்கு ஈடாகாது. முறையாகப் படிக்க விரும்பினால் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் படிப்புகளைப் பாருங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கச் சொல்லுங்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் அதை வைத்துத்தான் கிடைக்கும்.

நீங்கள் அவனை விட்டு மெல்ல விலகுவதை, அவன் நன்றாகச் செய்யும் பீரியடில் தொடங்குங்கள். ஓவியம் என்றால் ஓவியம்: முதலில் ஒரு வரிசை பின்னால், இரண்டு வாரம் கழித்துக் கடைசிச் சுவர், பிறகு வராந்தா. பட்டாணிக் கணக்கு ஏறினால் ஒரு படி திரும்பி வாருங்கள், இரண்டு படி அல்ல. உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளுக்காக ஒரு பக்கத் தாள் எழுதி வகுப்பாசிரியரின் மேசை இழுப்பறையில் வையுங்கள்: அவன் முன் அறிகுறி எது, எந்த அட்டை எங்கே, எதைச் சொல்லக் கூடாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும். அவன் மாறும்போதெல்லாம் தாளும் மாற வேண்டும். மாதம் ஒருமுறையாவது எடுத்துத் திருத்துங்கள்.