தண்ணீர் நின்று மீண்டும் வரும் நாளில் என்ன செய்வது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறோம். குழாய்நீர் சில நாட்களில் நின்று, மீண்டும் வரும்போது மங்கலாக வருகிறது. குளோரின் மணமும் அடிக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த மாதம் இரண்டு தடவை வயிற்றோட்டம் வந்துவிட்டது. தண்ணீர் தர நியமப்படிதான் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீர்தான் நல்லது என்கிறார். நான் எதை நம்புவது?

பதில்: முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயிற்றோட்டம் மறுபடியும் வந்தால், ஜீவனி (வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பொதி முழுவதையும் அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வழக்கமான உணவை நிறுத்தாதீர்கள். வயிற்றோட்டத்தை உடனே நிறுத்தும் மாத்திரைகளை இந்த வயதில் கொடுக்கவே கூடாது. மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை எதையும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்திருப்பதால், இப்போது நலமாக இருந்தாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டி, நிறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் காரணம் என்று பிள்ளையைப் பார்க்காமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது; ஆயினும் நீங்கள் விவரித்துள்ள நிலைமையில் தண்ணீரைச் சந்தேகிப்பது நியாயமே.

அலுவலகத்தில் சொன்னதும் நீங்கள் கண்டதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். எஸ்.எல்.எஸ். 614 என்னும் இலங்கையின் குடிநீர்த் தர நியமப்படி, 100 மில்லிலீற்றர் நீரில் மலக்கழிவைக் காட்டும் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் ஒரு பரிசோதனை முடிவு, மாதிரி எடுக்கப்பட்ட அந்தக் குழாயைப் பற்றியும் அந்த வேளையைப் பற்றியும் மட்டுமே பேசுகிறது. கந்தளாய்க் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் குழாய்வழி வந்தே திருகோணமலை நகரை அடைகிறது. புறப்படும் இடத்தில் குறையில்லாத நீர், வரும் வழியிலோ உங்கள் வீட்டு நிலத்தடித் தொட்டியிலோ கெட்டுப்போக இடமுண்டு.

இதில் தண்ணீர் நின்றுபோகும் நேரமே மிகவும் ஆபத்தானது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, சிறு வெடிப்பு இருந்தாலும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ளது உள்ளே புகாது. அழுத்தம் குறைந்ததும் நிலைமை தலைகீழாகி, அருகிலுள்ள வடிகால் நீரும் மலசலகூடக் குழியின் கசிவும் அந்த வெடிப்பின் வழியே உள்ளே இழுக்கப்படலாம். பிரதான குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து நீர் இழுக்கும் வீடுகள் இந்த ஆபத்தைத் தெரு முழுவதற்கும் ஏற்படுத்துகின்றன. உங்கள் வீட்டிலும் அப்படியொரு மோட்டார் இருந்தால் தயவுசெய்து இன்றே அகற்றிவிடுங்கள்.

மங்கலாக வரும் நீரைத் தெளிவான கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்து வந்தால், அது குழாயில் அகப்பட்ட காற்றுக் குமிழி, அதனால் தீங்கில்லை. அடியில் மண்டி படிந்தாலோ, எவ்வளவு நேரம் வைத்தும் தெளியாவிட்டாலோ, அந்த நீரைத் தொட்டியில் நிரப்பாமல், நன்றாகத் தெளியும்வரை வெளிக்குழாயில் ஓடவிடுங்கள். கலங்கல் உள்ள நீரில் குளோரினின் வலிமை குறைந்துவிடுவதோடு, கிருமிகளும் அந்தத் துகள்களுக்குள் மறைந்து தப்பிவிடுகின்றன.

குளோரின் மணத்தின் மீது நம்மவருக்குள்ள வெறுப்பு எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இலேசான மணம், கிருமியை அழிக்கும் மருந்து உங்கள் குழாய்வரை மிச்சமிருக்கிறது என்பதற்கு அடையாளம். நீர் பாவனையாளரை அடையும் இடத்தில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும், 5 மில்லிகிராம் வரை அருந்துவதால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். முன்பு இருந்த மணம் திடீரென இல்லாமற்போவதுதான் நாம் அஞ்ச வேண்டிய செய்தி.

அந்த அக்கா அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவருடைய ஆலோசனையை நான் ஏற்க மாட்டேன். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர மணற்பாங்கான இடங்களில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் அருகருகே இருக்கின்றன. மணல் நீரை விரைவாகக் கடத்திவிடும். மாரி மழைக்கு நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது இரண்டுக்கும் இடையிலான பாதுகாப்பு இன்னும் குறைந்துவிடும். கிணற்று நீர் பளிங்குபோல் தெளிவாக இருப்பதால் அதில் கிருமியில்லை என்றாகாது. குழியிலிருந்து கசியும் நைத்திரேற்று என்னும் இரசாயனமும் அதில் கலந்திருக்கக்கூடும். கொதிக்கவைத்தால் அது நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது குறிப்பாக ஆபத்தானது.

ஆகையால் குழாய்நீரையே பயன்படுத்துங்கள். ஆனால் தெளிந்த நீரை எடுத்து, கொதி தளதளவென்று வந்த பிறகும் ஒரு நிமிடமாவது அடுப்பில் வைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். குளோரினுக்கு எளிதில் சாகாத சில ஒட்டுண்ணிகளும் கொதிநீரில் அழிந்துவிடும். கொதித்த நீரில் குளோரினும் போய்விடுவதால் அதற்குப் பிறகு காவல் எதுவும் இல்லை. பானைக்குள் கைபட ஒரு குவளையை அமிழ்த்தி எடுத்தாலே போதும், பட்ட பாடெல்லாம் வீண். மூடியும் திறப்புக்குழாயும் உள்ள பாத்திரத்தில் ஊற்றிவைத்து, ஒரு நாளுக்குள் குடித்து முடியுங்கள். நிலத்தடித் தொட்டியின் மூடி வெடித்திருக்கிறதா, மேல்தாங்கிக்குள் பல்லியோ பாசியோ இருக்கிறதா என்று இந்த வாரமே ஏறிப் பாருங்கள்.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, நீர் நின்று மீண்டும் வந்த நாளிலேயே மாதிரி எடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பிரதான குழாயிலிருந்து நேரடியாக வரும் வெளிக்குழாயில் ஒன்றும், தாங்கியிலிருந்து வரும் குசினிக் குழாயில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகள் வேண்டும். எஞ்சிய குளோரினை அங்கேயே நிறம் மாறும் மாத்திரையால் பார்த்துவிடலாம். நீர் இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் இருக்கிறது. கிருமிப் பரிசோதனைக்கான நீரைக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். வெளிக்குழாயில் குறை தெரிந்தால், அந்த அறிக்கையின் பிரதியுடன் நீர் வழங்கல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். குசினிக் குழாயில் மட்டும் தெரிந்தால், தாங்கியையும் நிலத்தடித் தொட்டியையும் கழுவி எவ்வளவு குளோரின் இட வேண்டும் என்பதைப் பரிசோதகரிடமே கேட்டுச் செய்து, மறுபடியும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.